குவாமே நிக்ரூமா: பிரதமர் பதவிக்காலம் 1952-இலா, 1957-இலா தொடங்குகிறது?

கேள்வி

மாணவர்களுக்காக ஆப்பிரிக்கத் தலைவர்களின் காலவரிசை ஒன்றைத் தொகுத்து வருகிறேன். கானாவின் குவாமே நிக்ரூமா பிரதமரான ஆண்டைச் சிலர் 1952 என்றும் சிலர் 1957 என்றும் குறிக்கின்றனர். கானா, கோல்டு கோஸ்ட் என்ற பெயரில் பிரிட்டனின் ஆட்சியில் இருந்தபோதே பிரதமராக இருந்தவருக்கு என்ன அதிகாரம்தான் இருந்திருக்கும்?

மறுமொழி 1

1951-இலிருந்து பார்த்தால்தான் இது விளங்கும். அந்த ஆண்டு பிப்ரவரித் தேர்தலில் நிக்ரூமா அக்ராவின் ஜேம்ஸ் கோட்டைச் சிறையில் இருந்தபடியே வென்றார்; ஆளுநர் ஆர்டன்-கிளார்க் அவரை விடுவித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். 'அரசு அலுவல்களின் தலைவர்' என்றிருந்த பதவிக்குப் 'பிரதமர்' என்ற பெயர் 1952 மார்ச்சில் வந்தது. ஆயினும் நிதி, நீதி, பாதுகாப்பு ஆகியவை பிரிட்டிஷ் அதிகாரிகளிடமே இருந்தன. 1954-இல் அமைச்சரவை முழுவதும் ஆப்பிரிக்கர்களுடையதான பின்பும், பாதுகாப்பும் வெளியுறவும் காவல்துறையும் ஆளுநரை விட்டுப் போகவில்லை. என் கணக்கில் நாடு விடுதலை பெற்ற 1957தான் சரி.

மறுமொழி 2

இதை நான் ஏற்கவில்லை. 1954 ஆகஸ்டில், கோகோ விவசாயிக்கு 60 பவுண்டு எடையுள்ள சுமைக்கு 72 ஷில்லிங் என்று விலையைக் கட்டிப்போட்டது நிக்ரூமாவின் அரசு. உலகச் சந்தையிலோ விலை அதைவிட மிக உயரத்தில் இருந்தது. வயிற்றில் அடித்ததாகக் கொதித்த அசாந்திப் பகுதி விவசாயிகளின் சினம், அடுத்த மாதமே குமாசியில் கூட்டாட்சி கோரும் தேசிய விடுதலை இயக்கமாக உருவெடுத்தது. ஒரு நாட்டின் முதன்மைப் பயிருக்கு விலை வைப்பவரைப் பொம்மைப் பிரதமர் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பிளவு முற்றியதால்தான், விடுதலைக்கு நாள் குறிக்குமுன் இன்னொரு தேர்தல் வேண்டும் என்று லண்டன் வற்புறுத்தியது. 1956 ஜூலையில் நடந்த அத்தேர்தலில் அவருடைய கட்சி 104 இடங்களில் 71-ஐப் பிடித்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கோகோ விலை பற்றிய செய்தி எனக்குப் புதிது. அதனால் 1952-ஐயே தொடக்கமாக வைத்து, 1957 மார்ச் 6 வரை குடியேற்ற ஆட்சியின் பிரதமர் என்றும், 1960 ஜூலை 1-இல் குடியரசுத் தலைவராகும் வரை இறைமையுள்ள நாட்டின் பிரதமர் என்றும் இரண்டு வரிகளாகப் பிரிக்கிறேன். விடுதலை நள்ளிரவில் அவர் அணிந்திருந்த தொப்பியில், சிறைப் பட்டதாரி (Prison Graduate) என்பதைக் குறிக்கும் 'பி.ஜி.' என்ற எழுத்துகள் இருந்தன; அந்தப் படத்தை 1951 பிப்ரவரிக்கு எதிரே வைக்கப் போகிறேன்.