லைஃப் போட்டில் உன் இருக்கை எது?

காரைதீவிலிருந்து:

வளைகுடாக் கடலில் ஓர் எண்ணெய்த் தளத்தில் ஆறு வருடம் ஸ்காஃபோல்டிங், அதாவது சாரம் கட்டும் வேலை செய்தவன் நான். நம் பக்கத்துப் பெடியன்கள் இப்போதும் அந்த வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் வருடம். ஒருநாள் காலை ஆள் மாற்ற வந்த ஹெலிகொப்டரில் அரச பரிசோதகர் ஒருவரும் வந்து இறங்கினார். முன்கூட்டி ஒருவருக்கும் சொல்லவில்லை. சுப்பர்வைசர் ஓடிப்போய் ஃபைல்களை எடுத்து மேசையில் அடுக்கினார். வந்தவர் அவற்றைத் தொடவே இல்லை. தோளில் பைப்போடு படி ஏறிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, "அலாரம் அடித்தால் நீ எந்த லைஃப் போட்? அதில் உன் இருக்கை எது?" என்று கேட்டார். படகு இலக்கம் சொன்னேன். இருக்கை தெரியவில்லை. "சரி, வா, போய்ப் பார்ப்போம்" என்றார்.

அதற்குள் நான் அதுவரை ஏறியதே இல்லை. உள்ளே ஒரே புழுக்கம். இருக்கைப் பட்டிகள் உப்புப் பூத்து, காய்ந்த கருவாடு மாதிரி விறைத்துக் கிடந்தன. என்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். பற்றரி செத்திருந்தது. ஆனால் வாசலில் தொங்கிய அட்டையில் அந்த வாரத்துக்கும் 'பரிசோதித்தாயிற்று' என்று கையெழுத்து இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் அட்டையைக் கழற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று வெல்டிங் முதல் எல்லா வேலையும் நின்றது. அந்தப் படகை நம்பியிருந்த எங்களைக் கரைக்கு அனுப்பினார்கள். பற்றரியும் பட்டிகளும் புதிதாகப் போட்டு, படகைக் கடலில் இறக்கி ஓட்டிக் காட்டிய பிறகுதான் திரும்ப ஏற்றினார்கள். அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கும் கோயிலுக்குப் போனால் அவருக்காக ஒரு நிமிடம் நிற்கிறேன்.

அவர் ஏன் என்னைப் பிடித்தார் என்பது பிறகு ஒரு பயிற்சி வகுப்பில்தான் விளங்கியது. பிரிட்டன் பக்கத்து வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்று ஓர் எண்ணெய்த் தளம். 1988 ஜூலை 6. பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைத் திருத்தக் கழற்றினார்கள். வேலை முடியவில்லை. திறந்த வாயைத் தகடு வைத்து மூடிவிட்டுப் போனார்கள். அந்த வேலைக்கான பெர்மிட், அதாவது அனுமதிச் சீட்டு, இரவு ஷிப்ட்காரர் கண்ணில் படவில்லை. மற்றப் பம்ப் நின்றதும் இதை ஓடவிட்டார்கள். வாயு பீறிட்டு வெடித்தது. 167 பேர் இறந்து போனார்கள். அங்கேயும் பெர்மிட் முறை இருந்தது, பரிசோதகர்கள்கூட வந்து போயிருந்தார்கள். நீதிபதி கல்லன் பிரபு விசாரித்து 106 பரிந்துரைகள் கொடுத்தார். பாதுகாப்பைப் பார்க்கும் பொறுப்பைப் பிரிட்டனின் எரிசக்தித் திணைக்களத்திடமிருந்து எடுத்து, தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் வேறொரு அமைப்பிடம் கொடுத்தது அதிலிருந்து வந்ததுதான். எண்ணெய் எடுக்கத் துடிக்கிற கையிலேயே 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரத்தையும் கொடுத்தால் அது யாரை நிறுத்தப் போகிறது?

திருக்கோவிலிலிருந்து:

அண்ணன், நான் கரைவலைக்காரன். எனக்குத் தெரிந்தது 'நியூ டயமண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் மட்டும்தான். 2020 செப்டெம்பர் 3, சங்கமன்கண்டிக்கு நேர் கிழக்கே நடுக்கடலில் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்குப் போன கப்பல், ஏறக்குறைய 270,000 தொன் சுத்திகரிக்காத மசகு எண்ணெய் வயிற்றில். என்ஜின் அறையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இறந்தார். தீயை அணைத்தார்கள், அது திரும்பவும் மூண்டது.

அந்தக் கிழமை முழுக்க வலையின் மடி கரைக்கு வந்ததும் மீனைப் பார்க்கவில்லை, முதலில் வலையை மோந்து பார்த்தோம். மசகு எண்ணெய்த் தாங்கிகள் தப்பின, கப்பலின் சொந்த டீசல்தான் கசிந்தது. சோளகக் காலம், தென்மேற்குக் காற்று அதைக் கடல் பக்கம் தள்ளியது. கரைப் பக்கம் அடிக்கிற வாடை நேரமாக இருந்திருந்தால்? பிறகு கொழும்பு மேல் நீதிமன்றம் கப்பல் தலைவருக்கு ஒரு கோடி 20 இலட்சம் ரூபா தண்டம் போட்டது. அது கப்பல், வந்து போய்விடும். எண்ணெய்க் கிணறு தோண்டினால் அது இங்கேயே இருக்குமே. அதை யார் பார்ப்பார்கள்?

வந்தாறுமூலையிலிருந்து:

அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. நம் கிழக்குக் கடலை ஜே.எஸ்.5, ஜே.எஸ்.6 என்று எண்ணெய் தேடும் துண்டுகளாகப் பிரித்து, 2016இல் பிரான்சின் டோட்டல் நிறுவனத்துடன் ஆய்வுக்கு உடன்படிக்கை செய்தார்கள். 2021இல் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்தது, அதன்படி ஓர் அதிகாரசபையும் அமைந்தது. முதலீட்டாளரை அழைப்பதும் அதுதான், அவர்களை ஒழுங்குபடுத்துவதும் அதுதான். கடல் மாசைக் கவனிக்க 2008ஆம் ஆண்டுச் சட்டமும் தனி அதிகாரசபையும் இருப்பது நல்லதே. ஆனால் எண்ணெய் கடலில் கலந்த பிறகு வேலை செய்வது வேறு, கிணற்றின் வால்வைப் போய்ப் பார்ப்பது வேறு. 2010 ஏப்ரல் 20இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தபோது, அமெரிக்காவில் குத்தகை கொடுத்ததும், வருமானம் வசூலித்ததும், பாதுகாப்பைப் பார்த்ததும் ஒரே நிறுவனம். பிறகுதான் அதை மூன்றாகப் பிரித்தார்கள். நாம் கிழக்குக் கடலில் கிணறு தோண்ட முதலே பிரித்து வைக்கலாம். இப்போது கேட்பதுதான் சுலபம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

அண்ணா, அடுத்த மாதம் பெயின்டராக ஒரு தளத்துக்குப் போகிறேன். அம்மா பயப்படுகிறா. நான் என்ன கவனிக்க வேண்டும்?

காரைதீவிலிருந்து:

தம்பி, நல்லபடியாகப் போய் வா. ஏறின அன்றே உன் லைஃப் போட்டுக்கு நடந்து போ. அறையிலிருந்து எத்தனை படி என்று எண்ணு, கண்ணை மூடிக்கொண்டும் ஒருமுறை எண்ணு. நெஞ்சில் மாட்டுகிற கேஸ் மீட்டரைக் கழற்றாதே. அழுகின முட்டை மணம் வந்து, பிறகு வராமல் போனால் வாயு போய்விட்டது என்று நினைக்காதே; அந்த மணம் தருகிற ஹைட்ரஜன் சல்பைட் என்ற நச்சு வாயு 100 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்துவிடும். உடனே காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கமாக நட. பெர்மிட்டில் உன் பெயர் இருந்தால் அதை வாசித்து முடிக்காமல் பிரஷ்ஷைத் தொடாதே, ஃபோர்மன் கத்தினாலும் பரவாயில்லை. ஷிப்ட் மாறும்போது எது கழன்று கிடக்கிறது என்று வாய்விட்டுக் கேள். அம்மாவின் நம்பரை எனக்குத் தனியாக அனுப்பு, நான் பேசுகிறேன்.