காப்ஸ்மாக்ட்: பாராட்டா, புகாரா?

குழு: நம்ம குடும்பம்

லீட்ஸ் அக்கா: பெரியப்பா, ஓய்வாக இருக்கிறீர்களா? ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் எங்கள் லீட்ஸ் மருத்துவமனையில், இடுப்பு மூட்டு அறுவை முடிந்த ஒரு தாத்தாவை இன்று எழுப்பி நடக்க வைத்தோம். பார்க்க வந்த அவர் மகள் "ஐ ஆம் அப்சல்யூட்லி காப்ஸ்மாக்ட்" என்றார். கண் கலங்கியிருந்தது. ஸ்மாக் என்றால் அறைவது என்று தெரியும். அந்த அம்மா பாராட்டினாரா, குறை சொன்னாரா?

சித்தி: அப்பா நடப்பதைப் பார்த்துக் கண் கலங்கினால் சந்தோஷம்தானே கண்ணு?

லீட்ஸ் அக்கா: எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது சித்தி. ஆனால் குடும்பத்தார் சொன்னதை நோயாளியின் குறிப்பில் எழுத வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்.

பெரியப்பா: பாராட்டுதான் அம்மா, நிம்மதியாக இரு. "காப்" என்பது வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாய்க்குச் சொல்லும் கொச்சைச் சொல். கேலிக் மொழியில் அலகு, வாய் என்ற பொருளில் இருக்கும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. அங்கே கடைகளில் காப்ஸ்டாப்பர் என்று பெரிய கெட்டி மிட்டாய் பார்த்திருப்பாய். வாயை அடைத்துவிடும், அதனால் அந்தப் பெயர். காப்ஸ்மாக்ட் என்றால் வாயில் அறை வாங்கியதுபோல் பேச்சற்றுப் போவது. வியப்பில் தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொள்வதைச் சொல்கிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு. நம் "வாயடைத்துப் போனேன்" கிட்டத்தட்ட அதேதான்.

தம்பி: அருமை பெரியப்பா! அப்படியானால் எப்போதும் நல்ல பொருள்தானா?

பெரியப்பா: இல்லைப்பா. சொல் வியப்பின் அளவைத்தான் காட்டும். நல்லதா கெட்டதா என்பதைச் சூழல்தான் சொல்லும். மின்கட்டணம் இரண்டு மடங்கு வந்தாலும் அங்கே காப்ஸ்மாக்ட் என்பார்கள். அக்கா சொன்ன இடத்தில் தாத்தா நடந்திருக்கிறார், மகள் கண் கலங்கியிருக்கிறார். சந்தேகமே வேண்டாம்.

லீட்ஸ் அக்கா: மனது லேசானது பெரியப்பா. அந்தத் தாத்தாவை நடக்க வைக்க எல்லோரும் மிகவும் பாடுபட்டோம். குறிப்பில் எப்படி எழுதட்டும்?

பெரியப்பா: அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுது. உன் சொல்லில் எழுதுவதானால் "வெரி சர்ப்ரைஸ்ட் அண்ட் ப்ளீஸ்ட்" போதும். காப்ஸ்மாக்ட் வாய்ப்பேச்சில் வாழும் சொல். அலுவல் எழுத்தில் நம் சொல்லாக அதை வைக்கக் கூடாது.

நான்: பேருந்தில் ஒரு பையன் இன்னொருவனிடம் "ஷட் யுவர் காப்" என்று கத்தினான் என்று அக்கா போன மாதம் சொன்னாளே. அது திட்டுத்தானே?

பெரியப்பா: ஆமாம், அது மரியாதையில்லாத பேச்சு. காப் என்பதைத் தனியாக எடுத்து யாரிடமும் பேசாதே அம்மா. காப்ஸ்மாக்ட் மட்டும் அப்படி இல்லை, பாட்டிகள்கூடச் சொல்வார்கள். 2009-இல் ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் பாடி ஒரே நாளில் உலகப் புகழ் அடைந்தார். அப்போது தன் நிலையைச் சொல்ல அவர் வாயில் வந்ததும் இந்தச் சொல்தான்.

சித்தி: நாம் "ஷாக் ஆயிட்டேன்" என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

பெரியப்பா: நல்ல இடத்தைத் தொட்டாய். நாம் நல்ல செய்திக்கும் ஷாக், கெட்ட செய்திக்கும் ஷாக் என்கிறோம். ஆங்கிலத்தில் ஷாக்ட் பெரும்பாலும் கெட்ட பக்கம்தான் சாயும். விபத்து, சாவு, முறைகேடு, யாராவது அசிங்கமாகப் பேசியது, இப்படி. தோழியின் மகள் நல்ல மதிப்பெண் வாங்கியதைக் கேட்டு "ஐ ஆம் ஷாக்ட்" என்றால், "இவள் எப்படி இவ்வளவு வாங்கினாள்" என்று கேட்பதுபோல் ஆகிவிடும். நம் ஊர்ப் பிள்ளைகள் நல்ல மனதோடு சொல்லி, எதிரே இருப்பவர் முகம் வாடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் அமேஸ்ட் என்று சொன்னால் போதும்.

லீட்ஸ் அக்கா: இதைக் கட்டாயம் இங்கே புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். அவர்கள் எல்லாவற்றுக்கும் ஷாக்ட்தான் சொல்கிறார்கள்.

தம்பி: பெரியப்பா, எனக்கு அடுத்த மாதம் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு. இதைத் தேர்வில் பயன்படுத்தலாமா?

பெரியப்பா: பேச்சுத் தேர்வில் இடம் பொருந்தினால் தாராளமாகச் சொல். கட்டுரையில் வேண்டாம், அங்கே அஸ்டானிஷ்ட் எழுது. அதன் வேர் லத்தீனில் இடி முழங்குவதைக் குறிக்கும் சொல். அதற்காக நம் "இடிந்து போனேன்" என்று எடுத்துக்கொள்ளாதே. நமக்கு அது துக்கம், அவர்களுக்கு வெறும் பெருவியப்பு.

தம்பி: ஃப்ளாபர்காஸ்டட்?

பெரியப்பா: அதற்கும் பெருவியப்பில் திகைத்துப் போவது என்றுதான் பொருள். அதுவும் பேச்சுச் சொல்தான், ஆனால் பழையது. 1772-இலேயே அதைப் புதுமோஸ்தர் சொல் என்று அச்சில் குறிப்பிட்டிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களே உறுதியாகச் சொல்வதில்லை. அமெரிக்காவிலும் சாதாரணமாகக் கேட்கலாம். காப்ஸ்மாக்ட் அங்கே தெரிந்த சொல்தான், ஆனால் கேட்டதும் பிரிட்டன் வாடை அடிக்கும்.

சித்தி: என் பெண் "ஐ வாஸ் அஸ்டானிஷிங்" என்று எழுதி, ஆசிரியை சிவப்பு மையில் சுழித்திருந்தார். ஏன் என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

பெரியப்பா: வியப்பு யாருக்கு வந்ததோ அவருக்கு அஸ்டானிஷ்ட். எது வியக்க வைத்ததோ அதற்கு அஸ்டானிஷிங். அவள் எழுதியதற்கு "நான் பிறரை வியக்க வைப்பவளாக இருந்தேன்" என்று பொருள். செய்தி அஸ்டானிஷிங், நான் அஸ்டானிஷ்ட். காப்ஸ்மாக்டுக்கும் காப்ஸ்மாக்கிங்குக்கும் இதே கணக்குத்தான். மாலையில் அவளை என்னிடம் பேசச் சொல், பொறுமையாகச் சொல்லித் தருகிறேன்.

சித்தி: சரி அத்தான், சொல்கிறேன்.

தம்பி: ஒன்று எழுதிப் பார்க்கிறேன். "ஐ வாஸ் வெரி காப்ஸ்மாக்ட் வித் தி ரிசல்ட்."

பெரியப்பா: இரண்டு திருத்தம். "வெரி" வேண்டாம், அந்தச் சொல்லுக்குள்ளேயே "மிகவும்" இருக்கிறது. அழுத்தம் வேண்டுமானால் அக்காவிடம் அந்த அம்மா சொன்னதுபோல் "அப்சல்யூட்லி". அப்புறம் "வித்" இல்லை, "பை" அல்லது "அட்".

தம்பி: "ஐ வாஸ் அப்சல்யூட்லி காப்ஸ்மாக்ட் பை தி ரிசல்ட்."

பெரியப்பா: இப்போது சரி. இதையே கட்டுரைக்கு ஏற்றபடி அஸ்டானிஷ்ட் வைத்து மாற்றி எழுதி அனுப்பு.