15,000 ரூபாய்க்குள் 32 இன்ச் ஃபுல் எச்டி டிவி: எந்த மாடல் வாங்கலாம்?

மதுரையில் ஒரு சின்ன ரூம். அலமாரி இடைவெளி 30 இன்ச் அகலம்தான், அதனால் 43 இன்ச் உள்ளே போகாது. உட்காரும் தூரம் நாலடி. இரவில் கேபிள், பகலில் லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் மாட்டி எக்செல் வேலை.

இப்போது இருப்பது மூன்று வருஷமான 32 இன்ச் எச்டி ரெடி. படம் பரவாயில்லை, எழுத்துதான் மோசம். எக்செல் கட்டத்தில் 8-ம் 6-ம் ஒன்றுபோலத் தெரிகிறது. பேனல் 1366×768 பிக்சல்தான், லேப்டாப் அனுப்பும் ஃபுல் எச்டி (1920×1080, சுருக்கமாக 1080) படத்தை டிவி சுருக்கிக் காட்டுவதால் எழுத்தின் ஓரமெல்லாம் மசமசப்பு.

செய்து பார்த்தவை: கேபிள் மாற்றினேன். ஓவர்ஸ்கேனை (படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கும் அமைப்பு) அணைத்தேன், ஷார்ப்னஸை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், இன்புட் பெயரை பிசி என்று வைத்தேன். 720-ல் விட்டால் எழுத்து பெரிதாகிறது, தெளிவு வரவில்லை. 1366×768-ஐ டிவி ஏற்கவே இல்லை.

கடைகளில் இன்னொரு தலைவலி. "ஃபுல் எச்டி சப்போர்ட்" என்று அட்டையில் இருக்கும், உள்ளே அதே 768 பேனல். அதனால் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று கோடு போட்ட 1920×1080 படத்தை லேப்டாப்பில் எடுத்துப்போய் மாட்டிப் பார்க்கிறேன். ஓவர்ஸ்கேனை அணைத்த பிறகும் கோடு தனித்தனியாகத் தெரியாமல் சாம்பலாகக் கலங்கினால் அது 1080 இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இதுவரை பார்த்த மூன்றும் கலங்கின.

ஸ்மார்ட் வசதி, ரேம் எதுவும் முக்கியமில்லை. அதற்கு டிவியில் மாட்டும் தனி ஸ்ட்ரீமிங் ஸ்டிக் இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மங்காத ஐபிஎஸ் பேனல் என்றால் நல்லது.

லேப்டாப் மாட்டி எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று நீங்களே பார்த்த 32 இன்ச் 1920×1080 டிவியின் முழு மாடல் எண் என்ன?