தோட்டத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த நாய் ஓயாமல் குரைக்கிறது, என்ன செய்யலாம்?

வேலியோரம் (சுங்கை சிப்புட், மலேசியா) கேட்டது:

வணக்கம். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது சட்டி பானையோடு லாரியில் ஏறிவந்தது எங்கள் வீரன். காசு கொடுத்து வாங்கிய நாய் அல்ல, லயத்தில் பிறந்தது. அங்கே அது குரைத்தால் மரவள்ளிக்குள் காட்டுப்பன்றி புகுந்துவிட்டது என்று பொருள். தோட்டத்து மேற்பார்வையாளர், அந்த மண்டோரே பாராட்டியிருக்கிறார்.

இங்கே மலிவுவிலைத் தொடர்வீடு. கம்பிக் கதவைத் தாண்டினால் சாலை. ரொட்டி விற்பவரின் மோட்டார் சைக்கிள், தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள், எதிர்வீட்டுப் பூனை, கொடியில் ஆடும் கைலி, எல்லாவற்றுக்கும் குரைக்கிறது. கைலிக்குமா என்று கேட்காதீர்கள். குரைக்கிறது.

பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு அவர் படுப்பார், எட்டேகாலுக்கு வீரன் தொடங்கும். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்த மரியாதைக்காகப் பொறுத்திருக்கிறார். ஆனால் மூலைவீட்டுக்காரர், நகராண்மைக் கழகத்தில் புகார் செய்யப்போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். என் வீட்டுக்காரரோ அதட்டி அடக்கப் பார்க்கிறார். அவர் போடும் சத்தத்தில் தெருவே விழித்துக்கொள்கிறது, நாய் அடங்குவதில்லை. இணையத்தில் மின்சாரக் கழுத்துப்பட்டை விற்கிறார்களே, வாங்கலாமா? நாயைக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

பழைய கிராணி:

எங்கள் காலத்தில் ரப்பர் குழாயால் இரண்டு போடுவோம். மூன்றாவதுக்கு அவசியம் இருக்காது.

ஈப்போ கிளினிக் உதவியாளர்:

கிராணி ஐயா, காலம் மாறிவிட்டது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்தினால் குறைந்தது 20,000 வெள்ளி (ரிங்கிட்), அதிகபட்சம் 100,000 வெள்ளி அபராதம். அல்லது மூன்றாண்டு வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். குழாயைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, அந்தப் பட்டை வேண்டாம். அதிர்ச்சி பாயும் நேரத்தில் எதிரே ரொட்டிக்காரர் நின்றால், வலியைத் தந்தவர் அவர்தான் என்று நாய் கணக்குப் போட்டுவிடும். பிறகு கடிக்கவும் கூடும். அண்ணன் அதட்டுவதும் உதவாது. வீட்டுக்காரரும் நம்மோடு சேர்ந்து குரைக்கிறார் என்றுதான் அதற்குத் தோன்றும்.

வீரன் பக்கமிருந்து பாருங்கள். தபால்காரர் வருகிறார், குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகிறவர்தான், ஆனால் துரத்தியது தான் என்று வீரன் நம்புகிறது. நாள்தோறும் வெற்றி கிடைக்கிற வேலையை யார் விடுவார்கள்? அதனால் முதலில் பார்வையை மறையுங்கள். நாற்றுப் பண்ணைகளில் கட்டும் கறுப்பு நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கம்பிக் கதவின் கீழ்ப்பாதியில் கட்டினால் போதும். தம்பி தூங்கும் நேரத்தில் வீரனைப் பின்கட்டில் விடுங்கள். கட்டிப்போட வேண்டாம், கட்டுண்ட நாய் இன்னும் அதிகமாகக் குரைக்கும்.

விடியற்காலையில் நடத்திக் கூட்டிப்போங்கள். வேகமாக இழுத்துப் போகாமல், மோப்பம் பிடிக்க நேரம் கொடுங்கள். காலைச் சோற்றையும் தட்டில் வைக்காமல் புல்லில் தூவித் தேடித் தின்ன விடுங்கள். தோட்டமெல்லாம் சுற்றிய மூக்குக்கு இங்கே வேலையே இல்லை.

ஒலிக்குப் பழக்குவது தனி. மோட்டார் சைக்கிள் தெருமுனையில் கேட்கும்போதே, குரைக்கத் தொடங்குமுன், அவித்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுங்கள். குரைத்த பிறகு கொடுத்தால் குரைப்புக்குக் கூலி கொடுத்தது போலாகும். உங்கள் கவனத்தைக் கேட்டுக் குரைத்தால் முகம் கொடுக்காதீர்கள். முதலில் சத்தம் கூடும், அங்கேதான் பலர் தோற்றுப்போய்த் திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் மாற்றமில்லை என்றால் காது, பல், மூட்டு வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலியோரம்:

வலை கட்டியாயிற்று. பூனைக்கும் கைலிக்கும் குரைப்பது நின்றுவிட்டது. தபால்காரரிடம் இன்னும் பகைதான். ரொட்டிக்காரர் கதைதான் வேடிக்கை. கோழியை நானே கொடுப்பதற்குப் பதிலாக, தினமும் ஒரு துண்டு ரொட்டியை அவர் கையாலேயே போடச் சொன்னேன். இப்போது அவர் வந்தால் சத்தமில்லை. கிளம்பும்போதுதான் குரைக்கிறது! எட்டேகாலுக்கு முன்பே வந்துபோகச் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொண்டார். மூலைவீட்டுக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, அவர் வீட்டு கராவோக்கே பெட்டியைப் பற்றியும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. சீனப் பெருநாள் பட்டாசுக்கு என்ன செய்வது?

ஈப்போ கிளினிக் உதவியாளர்:

அது பயத்தில் குரைப்பது, அக்கா. பட்டாசு தொடங்குமுன் உள்ளறையில் விட்டு, சன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிடுங்கள். ஒளிந்துகொண்டால் இழுக்காதீர்கள். மிகவும் நடுங்குகிற நாய்க்கு மருந்து உண்டு, பெருநாளுக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

இன்னொன்று: ரொட்டிக்காரர் போடுவது வெறும் ரொட்டியா என்று பாருங்கள். திராட்சை ரொட்டி வேண்டவே வேண்டாம், உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.