கலைச்சொல்: நியூசிலாந்தின் பழுப்புத்தலை இலைச்சுருட்டி

வணக்கம்.

நியூசிலாந்துக்கே உரிய சிறு பழுப்பு அந்துப்பூச்சி ஒன்றுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும். அறிவியல் பெயர் டெனோப்சியூஸ்டிஸ் ஒப்லிகுவானா. ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வாக்கர் 1863இல் விவரித்தது. அங்கே ‘பிரவுன்ஹெடட் லீஃப்ரோலர்’ என்கிறார்கள். ‘பழுப்புத்தலை அந்து’ எனலாமா?

———

வணக்கம் ஐயா.

அப்படிச் சொன்னால் பொருள் பிழைபட்டுவிடும். பழுப்புத்தலை அந்துக்கு அல்ல, புழுவுக்கு. பசும் உடலின் முனையில் பழுப்பாக இருக்கும் தலைக்கூட்டை வைத்துத்தான் அந்தப் பெயர். அதே தோட்டங்களில் பச்சைத்தலைப் புழு கொண்ட பிளானோடார்ட்ரிக்ஸ் இனங்களும் உண்டு. சுருண்ட இலையைப் பிரித்துப் பார்ப்பவர் இரண்டையும் தலையை வைத்தே பிரித்தறிகிறார். அந்துப்பூச்சியிலோ முன்சிறகின் நிறம்கூடப் பூச்சிக்குப் பூச்சி மாறும்.

‘இலைச்சுருட்டி’ என்ற பகுதியை விட்டுவிடக் கூடாது, தொழிலைச் சொல்வது அதுதான். புழு பட்டுநூலால் இலையைச் சுருட்டி உள்ளே இருந்து தின்னும். தொட்டால் பின்னோக்கி நெளிந்து, நூலில் தொங்கி இறங்கும். கூட்டுப்புழு ஆவதும் அந்தச் சுருளுக்குள்தான். ஆப்பிளில் இலையைப் பழத்தோடு ஒட்டி, அந்த மறைவில் தோலைச் சுரண்டும். கிவிப்பழத்தில் இரண்டு பழங்கள் உரசும் இடத்தில் புகும். தழும்பு மேலோடு நின்றாலும் அந்தப் பழம் ஏற்றுமதிக்கு ஆகாது.

———

தலை பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் ‘இலைச்சுருட்டுப் புழு’ என்றதும் நம் உழவர்களுக்கு நெல் வயல்தான் நினைவுக்கு வரும். அந்த நெற்புழுவோ வேறு குடும்பம். ஒரே இலையை நீளவாக்கில் மடக்கிப் பச்சையத்தைச் சுரண்டி வெள்ளைக் கோடு விடுவது. ‘இலைப்பிணைப்பி’ எனலாமா?

———

‘பிணைக்கும் புழு’ எள்ளுக்கு வழங்கிவருகிறது. ‘சுருள்பூச்சி’ நிலக்கடலைக்குப் போய்விட்டது. நெற்புழுவை ‘நெல்’ என்ற முன்னொட்டே காட்டிவிடுவதால் குழப்பத்துக்கு இடமில்லை. என் பரிந்துரை: இனத்துக்குப் ‘பழுப்புத்தலை இலைச்சுருட்டி’. பருவம் குறிக்கும்போது ‘இலைச்சுருட்டிப் புழு’, ‘இலைச்சுருட்டி அந்து’. வேளாண் துண்டறிக்கைகளில் ‘தாய்ப்பூச்சி’ என்றும் எழுதலாம். முட்டைகள் இலைமேல் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் அதற்கு ‘முட்டைக் குவியல்’ பொருந்தாது, ‘முட்டைப் படலம்’ சரி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஹெரானா என்ற உடன்பிறப்பு இனம் கண்ணுக்கு ஏறத்தாழ இதேதான். பெண்பூச்சி விடும் இனக்கவர்ச்சி மணத்தின் கலவைதான் வேறு. பொறி வைப்பவர் தவறான மணக்குப்பியை மாட்டினால் எண்ணிக்கையே பிசகும். அதனால் தமிழ்ப்பெயரை அடுத்து ‘ஒப்லிகுவானா’ என்பதையும் சேர்த்தே பதியுங்கள்.