பழைய குட்டிப் பெட்டியா, புது மினி பிசியா? வாங்கினவர்கள் சொல்லுங்கள்

மலைக்கோட்டை:

அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறார். சி.ஓ.ஏ. என்ற கம்ப்யூட்டர் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பின்னறையில் வைத்திருந்த டவர் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக மண்டையைப் போட ஆரம்பித்ததும், எல்லாவற்றையும் சின்னப் பெட்டிகளாக மாற்றிவிடலாம் என்று முடிவானது. தேடும் வேலை என் தலையில் விழுந்தது. அலைந்ததில் தெரிந்ததை எழுதுகிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

கடைகளில் இரண்டு வகை காட்டுகிறார்கள். ஒன்று, ஐடி கம்பெனிகள் லீஸ் முடிந்ததும் கழித்துவிடுபவை: லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி. எல்லாமே ஒரு லிட்டர் கொள்ளளவு சொல்லும் பெட்டிகள். மற்றது, இன்டெல் என்100 சிப் போட்டு வரும் புது மினி பிசி. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைப்பதால்தான் இத்தனை குழப்பம்.

சென்னை ரிச்சி தெருவில் முதலில் கையில் கொடுத்தது ஐ5-6500டி போட்ட பெட்டி. ரொம்ப மலிவு. "ஐ5 சார், என்100 எல்லாம் இதுகிட்ட நிக்காது" என்றார் கடைக்காரர். ஐ5 என்று சொன்னால் போதும், நம் ஆட்கள் தலைமுறையைக் கேட்பதில்லை. அந்த ஆறாம் தலைமுறை (6500-ன் முதல் இலக்கம்தான் தலைமுறை) ஐ5-க்கும் நான்கு கோர், என்100-க்கும் நான்கு கோர், வேகத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் முன்னது 35 வாட் சிப், பின்னது 6 வாட் சிப்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது விண்டோஸ். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு இன்டெலில் எட்டாம் தலைமுறையில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோனது. ஆறு, ஏழாம் தலைமுறையில் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருகிறார்கள். ஏறும், ஓடவும் செய்யும். அடுத்த பெரிய அப்டேட் வந்தால் மறுபடி அதே குறுக்கு வழியைத் தேட வேண்டும். வீட்டில் ஒரு பெட்டி என்றால் பரவாயில்லை, ஒரு அறை நிறைய வைத்துக்கொண்டு யார் மாரடிப்பது?

அதனால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம் என்று முடிவு செய்து, ஐ5-8500டி இருக்கும் திங்க்சென்டர் எம்720க்யூ எடுத்தோம். ஆறு கோர். பின்னால் ஒரே ஒரு திருகைக் கழற்றி மூடியைத் தள்ளினால் திறந்துவிடும். உள்ளே ரேமுக்கு இரண்டு இடம், எஸ்எஸ்டிக்கு எம்.2 இடம், பழைய லேப்டாப் டிஸ்க் செருகவும் ஓர் இடம். என்100 பெட்டிகளில் பெரும்பாலும் ரேமுக்கு ஒரே இடம்தான், சிலவற்றில் போர்டோடு சாலிடர் வைத்தே வருகிறது. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது நினைவிருக்கும். இந்த டைனி எடுத்துக்கொள்வது சாதாரண டிடிஆர்4 லேப்டாப் ரேம்தான். வீட்டில் செத்துக் கிடந்த லேப்டாப்பின் ரேமே ஒரு பெட்டிக்கு ஆயிற்று.

வாங்கும் இடத்திலேயே சில சோதனைகள் அவசியம். பெட்டியை ஆன் செய்ததும் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ் திரைக்குள் போய்ப் பாருங்கள் (லெனோவோவுக்கு எஃப்1, டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10). பாஸ்வேர்டு கேட்டால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அப்புறம், கடை நெட்டை இணைத்து விண்டோஸ் ப்ரோவைப் புதிதாகத் துவக்கச் சொல்லுங்கள். பழைய கம்பெனி தன் பட்டியலிலிருந்து அந்தப் பெட்டியை நீக்காமல் விட்டிருந்தால், உங்கள் பெயரைக் கேட்க வேண்டிய இடத்தில் கம்பெனியின் லாகின் திரை வந்து நிற்கும். நான் பார்த்த ஒரு பெட்டியில் அப்படித்தான் வந்தது. கடைக்காரர் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை, சத்தமில்லாமல் உள்ளே எடுத்து வைத்துவிட்டு வேறு ஒன்றைக் கொண்டுவந்தார். வைஃபை கார்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆபீஸ்களில் கேபிள் நெட் என்பதால் நிறையப் பெட்டிகள் கார்டு இல்லாமலே வரும்.

நொய்யல்:

எங்கள் மளிகைக் கடையில் இரண்டு வகையும் இருக்கிறது. கல்லாவில் என்100 வைத்தோம், காரணம் கரண்ட். அது 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டி, மின்சாரம் எடுப்பதும் கொஞ்சம்தான். கரண்ட் போனால் சின்ன பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம் என்று தம்பிக்குக் கணக்கு. கணக்கு சரிதான். ஒன்று மட்டும், ரவுட்டருக்கு விற்கும் குட்டி யுபிஎஸ்ஸில் பல 2 ஆம்பியர்தான் தரும். பெட்டியின் அடாப்டரில் 3 என்று போட்டிருந்தால் அந்த யுபிஎஸ்ஸை நம்பாதீர்கள்.

தகராறு எடை மெஷினில் வந்தது. அது சீரியல் போர்ட் வழியாக எடையை அனுப்பும் பழைய மாடல். புது மினி பிசியில் சீரியல் ஏது? யுஎஸ்பி மாற்றுக் கேபிள் போட்டோம். கடைப் பையன் பெட்டியைத் துடைத்துவிட்டு வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் போர்ட் எண் மாறிவிடும், பில்லிங் மென்பொருள் எடையைத் தேடிக்கொண்டே நிற்கும். தீபாவளி நேரத்துக் கூட்டத்தில் அதை நினைத்துப் பாருங்கள். சீரியல் போர்ட் வைத்த பழைய மைக்ரோ ஒன்று அகப்பட்டதும் அதைக் கல்லாவுக்குக் கொண்டுவந்துவிட்டு, என்100-ஐ வீட்டு டிவிக்குப் பின்னால் மாட்டினோம். அங்கே அது ராஜா. யூடியூப் இப்போது தரும் ஏவி1 என்ற சுருக்க முறை வீடியோவைச் சிப்பே நேரடியாகப் பிரித்துக்கொள்கிறது. எட்டாம் தலைமுறைச் சிப்பில் அந்த வசதி கிடையாது.

கடைசி பெஞ்ச்:

நான் ஆப்பிளின் மேக் மினி ஆள். அங்கே கதையே வேறு. 2012 மாடலில் நான்கு கோர் ஐ7 கிடைத்தது, ரேமைக் கையால் மாற்றலாம். 2014-ல் வந்ததில் அதிகபட்சம் இரண்டு கோர்தான், ரேமும் சாலிடர். புதுசு பழசைவிட இளைத்துப் பிறந்த வருஷம் அது. என் 2012 பெட்டி இன்னும் லினக்ஸ் போட்டு வீட்டு ஃபைல் சர்வராக ஓடுகிறது.

ஆனால் இன்றைக்கு யாராவது 2018 இன்டெல் மேக் மினியைப் "புதுசு மாதிரி இருக்கு" என்று காட்டினால் வாங்காதீர்கள். 2025-ல் வந்த மேக் ஆபரேட்டிங் சிஸ்டமான டஹோ அதில் ஏறாது. ஆப்பிளின் சொந்தச் சிப் போட்ட 2020-ன் எம்1 அதைவிட நல்லது, சத்தமும் இல்லை, சூடும் இல்லை. ஆனால் 8 ஜிபி எடுத்தால் ஆயுசுக்கும் 8 ஜிபிதான். எனக்கு வீடியோ எடிட்டிங் வேலை என்பதால் 2024 எம்4-க்குப் போய்விட்டேன். வந்தபோது இங்கே 59,900 ரூபாய், அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி. பவர் பட்டனை அடியில் வைத்த புண்ணியவான் யார் என்று மட்டும் தெரியவில்லை.

வைகைக்கரை:

மலைக்கோட்டை நண்பர் பவர் அடாப்டரைப் பற்றி எழுதவில்லையே. கழித்துக்கட்டும் பெட்டிகளோடு ஏதோ ஒரு அடாப்டரைக் கொடுத்துவிடுவார்கள். முனை பொருந்தும், பெட்டியும் எழும், ஆனால் ஆமை வேகம். சில பிராண்டுகளில் தன்னுடைய அடாப்டர்தானா என்று பெட்டியே சோதிக்கும். இல்லையென்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் வைரஸ் என்று நினைத்து விண்டோஸை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். துவங்கும்போது அடாப்டரைப் பற்றி ஏதாவது எச்சரிக்கை வருகிறதா என்று கவனியுங்கள். ஒரிஜினல் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது வாங்கிவிடுங்கள்.

அப்புறம் மலைக்கோட்டை சார், உங்கள் இன்ஸ்டிட்யூட்டில் பழைய விஜிஏ கேபிள் மானிட்டர்கள்தானே இருக்கும், அதை என்ன செய்தீர்கள்?

மலைக்கோட்டை:

ஆமாம், எல்லாம் விஜிஏதான். இந்த டைனிகளில் பின்பக்கம் ஒரு துளை மட்டும் வாங்கிய கம்பெனி கேட்டபடி வரும். சிலதில் அது விஜிஏ, சிலதில் சீரியல், சிலதில் வெறும் மூடி. விஜிஏ இருந்ததாகப் பொறுக்கி எடுத்தோம். போதாத பெட்டிகளுக்கு டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் போட்டிருக்கிறோம். பவர் அடாப்டர் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. நாளைக்கு எல்லாவற்றையும் ஒருமுறை துவக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.