பழைய கணினியில் அடிக்கடி வரும் நீலத்திரை

கேள்வி: 2012-இல் வாங்கிய எங்கள் வீட்டுக் கணினி, இயக்கிய அரைமணி நேரத்தில் நீலத்திரை காட்டி, ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்ற பிழைச்செய்தியுடன் தானாக மறுபடியும் தொடங்குகிறது. மகளின் சிறுவயதுப் படங்கள் அனைத்தும் அதில்தான் இருப்பதால் கவலையாக இருக்கிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?

மறுமொழி 1: முதலில் படங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள், மற்றவை பிறகு. இந்தப் பிழை பெரும்பாலும் ரேம் (கணினியின் தற்காலிக நினைவக அட்டை) பழுதால் வருவது. மின்னிணைப்பைத் துண்டித்து, இரண்டு ரேம்களையும் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்தி மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருள் கொண்டு இரவு முழுவதும் சோதியுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்ப வேண்டாம்.

மறுமொழி 2: அரைமணி கழித்தே நிற்பதால் வெப்பத்தையும் பாருங்கள். பிராசசர் விசிறியின் தூசியை நீக்குங்கள். மதர்போர்டில் (முதன்மைச் சுற்றுப்பலகையில்) சிறு உருளை போன்ற எந்தக் கெபாசிட்டரின் தலையாவது உப்பியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

கேட்டவர்: படங்களை எடுத்துவிட்டேன். இரண்டாவது ரேமில் மட்டும் பிழைகள் வந்தன. அதை நீக்கியபின் மூன்று நாட்களாக நிற்காமல் ஓடுகிறது. மிக்க நன்றி.